ஸர் ஆர்தர் காட்டனும் மேட்டு நிலமும்

கல்லங்குறிச்சியில் கலியுக வரதராஜப் பெருமாளுக்கு ஸ்ரீராமநவமியில் தொடங்கி நடைபெறும் உற்சவத்தைப் பற்றி அரியலூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு நாம் விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே மூலவராக நிற்பது ஒரு கற்கம்பம். சுற்றுவட்டாரக் குடியானவர்கள் தங்கள் விளைச்சலில் ஒரு பங்கைத் தானியமாகவே கொண்டுவந்து அச்சந்நிதியில் செலுத்துகிறார்கள். மழை பெய்த வருஷம் காணிக்கை குவியும். பொய்த்த வருஷம் பெருமாளுக்கும் பங்கு குறைவுதான். கொள்ளிடம் தெற்கே தாழ்விலே ஓடுகிறது. இதுவோ வானம் பார்த்த மேட்டு நிலம். இந்த மண்ணுக்கடியில் கடற்சிப்பிகள் செறிந்த சுண்ணாம்புப் பாறை கிடக்கிறது. பூகர்ப்ப சாஸ்திரிகள் அப்படிவத்துக்கு இவ்வூரின் பெயரையே இட்டிருக்கிறார்கள். அப்பாறையைத் தேடிச் சிமெண்டுக்காரர்கள் வந்தார்கள், தண்ணீர்தான் வரவில்லை.

இதே ஜில்லாவின் தென்னெல்லையில், அணைக்கரையில், கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை நிற்கிறது. அதைக் கட்டியவர் ஸர் ஆர்தர் காட்டன். நிலத்துக்கும் நீருக்கும் யார் பணம் போடுவது, எந்தக் கணக்கில் போடுவது என்ற ஒரே வழக்கை ஆயுள் முழுவதும் வாதாடிய மனிதர் அவர். ஆங்கிலேய உத்தியோகஸ்தர் ஒருவரின் சரித்திரத்தை இப்பத்தியில் நாம் எழுதுவதைக் கண்டு அன்பர் சிலர் முகம் சுளிக்கலாம். அவர்கள் முடிவுவரை வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். நமது கணக்கில் வரவும் உண்டு, பற்றும் உண்டு.

1803-ம் வருஷம் மே மாதம் 15-ந் தேதி பிறந்த காட்டன், கம்பெனியாரின் அடிஸ்கோம்ப் ராணுவப் பாடசாலையில் பயின்று, 1821-ல் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. சில வருஷங்களில் காவேரிப் பாசன வேலை அவர் கைக்கு வந்தது. அக்காலத்தில் தஞ்சாவூர் ஜில்லாவுக்கு ஒரு பேராபத்து நெருங்கிக்கொண்டிருந்தது. ஸ்ரீரங்கத்துக்கு மேலே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. காவேரியின் படுகை வண்டல் ஏறி மேடாகிக்கொண்டே வர, கொள்ளிடம் ஆழ்ந்துகொண்டே போயிற்று. பள்ளத்தைத்தானே நீர் நாடும்! காவேரிக்கு வரவேண்டிய வெள்ளமெல்லாம் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

காட்டன் கல்லணையைப் போய்ப் பார்த்தார். ஆழங்காண முடியாத மணலின்மேல் நம் முன்னோர் எவ்வாறு அஸ்திவாரம் நிறுத்தினர் என்பதை அதனிடமே கற்றுக்கொண்டார். அப்பாடத்தை எங்கே படித்தோம் என்பதை அவர் மறைக்கவில்லை; பிற்காலத்தில் தாம் எழுதிய நூல்களிலும் ஒப்புக்கொண்டார். அவர் வர்க்கத்தாரிடம் அடிக்கடி காணக்கூடிய குணமன்று இது. 1836-ல் முக்கொம்பில் மேலணை எழும்பிற்று. மேலே நீரை மறித்தால் கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியை நம்பியிருந்த தென்னாற்காட்டுக் கழனிகள் வறளுமல்லவா? ஆகவே ஏறக்குறைய 70 மைல் கீழே இரண்டாவது அணையும் அப்பொழுதே கட்டப்பட்டது. அதுதான் நம் கீழணை. வடவாறு வழியாக வீராணம் ஏரியை நிரப்புவதும் அதுவே. 2004 முதல் அந்த ஏரி நீர் சென்னைப் பட்டணத்துக்கும் போகிறது. மேலணையின் முதற் கணக்கு முற்றிலும் சரியாக அமைந்துவிடவில்லை. காவேரிக்குள் நீர் மிகுதியாகப் பாய்ந்ததால் சில வருஷங்களிலேயே அணையின் உயரத்தில் ஒரு பகுதியைக் குறைக்க நேர்ந்தது. ஆயினும் 2018 ஆகஸ்டில் கொள்ளிடப் பகுதியில் மதகுகள் அடித்துச் செல்லப்படும் வரையில், 182 வருஷம் அது வேலை செய்தது.

இனிப் பற்றுப் பக்கம். கீழணைக்குக் கருங்கல் வேண்டியிருந்தது. கங்கைகொண்டசோழபுரத்தில் ராஜேந்திர சோழன் கட்டிய பெருங்கோயிலின் திருமதிலைப் பெயர்த்துக் கல்லைக் கொண்டுபோனார்கள். கிராமத்து ஏழை ஜனங்கள் தங்களால் இயன்ற மட்டும் தடுத்துப் பார்த்தார்கள். அவமதிப்புக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றதுதான் கண்ட பலன். கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் எழுப்பித் தருவதாகச் சர்க்கார் தரப்பில் வாக்களிக்கப்பட்டது. அந்த வாக்கு நிறைவேறவில்லை என்பதை 1855-ல் எழுதிய ஓர் ஆங்கிலேயரே வருத்தத்துடன் பதிவு செய்திருக்கிறார். அதே குறிப்பில் அவர் இன்னொரு விஷயமும் சொல்கிறார். ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் என்னும் பொன்னேரிக்கு 16 மைல் நீளமுள்ள கரை இருந்ததாம்; கொள்ளிடத்திலிருந்து 60 மைல் தூரம் கால்வாய் வெட்டி அதற்கு நீர் கொண்டுவந்தார்களாம். அவர் பார்த்தபோது அது பாழ்பட்டுக் காடு மண்டிக் கிடந்தது. கங்கை வரை படை செலுத்தி வந்த அரசன், அவ்வெற்றிக்கு ஸ்தம்பமாக ஓர் ஏரியை நிறுத்தினான். திருவாலங்காட்டுச் செப்பேடு அதை நீர்மயமான ஜயஸ்தம்பம் என்றே வர்ணிக்கிறது. அவன் பிரஜைகளின் சந்ததியார், அவன் கோயிற் கல்லைக் கொடுத்தார்கள்; அந்தக் கல் தேக்கிய நீரோ அவர்கள் மேட்டுக்கு ஏறவில்லை. காட்டனுக்கு இதில் எவ்வளவு நேரடிப் பொறுப்பு என்று நாம் விசாரணை நடத்தப் போவதில்லை. வேலை அவருடையது, கடனும் அதோடு சேர்ந்ததுதான்.

1840-களில் அவர் கோதாவரிக்குப் போனார். பஞ்சத்தாலும் புயலாலும் சீரழிந்து கிடந்த அந்த ஜில்லாவில் தவளேசுவரத்தில் அணைகட்ட அனுமதி பெறுவதற்கே பெரும் எழுத்துப் போர் நடத்த வேண்டியிருந்தது. 1847-ல் தொடங்கி 1852-ல் முடித்தார். வீணம் வீரண்ணா என்ற ஆந்திரர் அவருக்கு வலக்கையாக இருந்தார். கோதாவரிக் கரையில் ஸ்நான சங்கற்பத்தில் காட்டன் பெயரைச் சேர்த்துச் சொல்வாரும் உண்டென்பர்.

பின்னர் வந்ததே அவர் வாழ்க்கையின் பெரிய சண்டை. 1849 முதல் ரயில்வே கம்பெனிகளுக்கு, லாபம் வந்தாலும் வராவிட்டாலும், நூற்றுக்கு 5 வீதம் வட்டி உத்தரவாதம் தரப்பட்டது. குறைந்ததை ஈடுகட்டியவன் இந்தியக் குடியானவன். கால்வாயோ ஒவ்வொரு பைசாவுக்கும் முன்கூட்டியே லாபக் கணக்குக் காட்ட வேண்டும். நீர்ப்பாசனமும் படகுப் போக்குவரத்தும் சேர்ந்த கால்வாய்கள் ரயிலைவிட மலிவென்று காட்டன் இடைவிடாமல் எழுதினார். நதிகளை இணைக்கவும் சொன்னார். 1900 வரையில் ரயிலுக்கு ஏறக்குறைய 22½ கோடி பவுனும், பாசனத்துக்கு வெறும் 2½ கோடி பவுனும் செலவாயின என்று ரமேஷ் சந்திர தத்தர் தம் பொருளாதாரச் சரித்திரத்தில் கணக்குக் காட்டுகிறார். இதற்குமேல் வாதம் எதற்கு?

ஆனால் காட்டன் ஓரிடத்தில் தோற்றார். தோல்வி அவரால் நேர்ந்தது என்றே நாம் சொல்லுவோம். அவர் தூண்டுதலில் தோன்றிய சென்னை நீர்ப்பாசனக் கம்பெனி, 10 லட்சம் பவுன் மூலதனத்துக்கு 5 வீத உத்தரவாதம் பெற்று, துங்கபத்திரையிலிருந்து கர்நூல், கடப்பைக்குக் கால்வாய் வெட்டிற்று. மூலதனம் போதாமல் சர்க்காரிடம் 6 லட்சம் பவுன் கடனும் வாங்கிற்று. கால்வாய் முடிந்தது, தண்ணீர் வாங்க ஆளில்லை. கரிசல் பூமிக்காரன் மழை ஈரத்தைக் கொண்டே சோளம் விளைவிப்பவன். நல்ல வருஷத்தில் அவனுக்குக் கால்வாய் நீர் வேண்டாம். காசு கொடுத்து ஏன் வாங்குவான்? அவனை யாரும் முதலில் கேட்கவில்லை. 1882-ல் சர்க்கார் அக்கால்வாயை விலைக்கு வாங்கிக்கொண்டது. டெல்டாவுக்குப் பொருந்திய கணக்கு மேட்டு நிலத்துக்கும் பொருந்தும் என்று அந்த மேதாவி நினைத்ததுதான் பிழை.

1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு பார்லிமெண்ட் ஒரு கமிட்டியை நியமித்தது. 75 வயதுக் கிழவர் அதன்முன் நின்று சாட்சியம் சொன்னார். கர்நூல் நஷ்டத்தை அவர் முகத்தில் எறிந்தார்கள். அவர் திட்டங்களைக் கமிட்டி ஏற்கவில்லை. அவர் சோர்ந்துவிடவுமில்லை, டார்க்கிங் என்னும் ஊரில் தம் வீட்டுத் தோட்டத்தில் மண்ணை ஆழக் கிளறிக் கோதுமை பயிரிட்டு, சிறு நிலத்தில் எவ்வளவு விளையும் என்று சொந்தச் செலவில் சோதனை செய்துகொண்டிருந்தார். பேரணைகளைக் கட்டியவர் கடைசியில் ஒரு பாத்தி மண்ணுக்கு வந்து சேர்ந்தது நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 1899 ஜூலை 24-ல், தமது 96-வது வயதிலே காலமானார்.

கல்லங்குறிச்சிக்குத் திரும்புவோம். 1957-ம் வருஷத்துக் கனிமச் சட்டத்தில் 2015-ல் ஒரு திருத்தம் செய்யப்பட்டது. அதன்படி, சுரங்கம் தோண்டுவோர் சர்க்காருக்குக் கட்டும் ராயல்டிக்கு மேல் ஒரு தொகையை ஜில்லா கனிம நிதிக்குச் செலுத்த வேண்டும். பழைய குத்தகையானால் ராயல்டியில் நூற்றுக்கு 30. புதிதாக ஏலத்தில் எடுத்ததானால் 10. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஜனங்களின் நன்மைக்கும் பிரதேசத்தின் நன்மைக்குமே அந்த நிதி என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. வக்கீல் தொழில் செய்தவர்கள் என்ற முறையில் நமக்கு அந்த வாசகத்தில் சந்தேகமில்லை. பண்ணைக் குட்டை, வரப்புக்கரை, வரத்துக் கால்வாய், தூர்ந்த ஏரி இவற்றுக்கு அதிலிருந்து பணம் ஒதுக்கலாம். தோண்டி முடித்த சுரங்கக் குழிகளில் மழைநீரைத் தேக்க முடியுமா என்று சோதிக்கவும் ஒதுக்கலாம். அடுத்த வருஷமே லாபம் காட்டு என்று அந்த வேலைகளை நெருக்காதிருக்க வேண்டும். எந்த ஏரி முதலில், எந்த வயலில் குட்டை என்பதை அந்த மானாவாரிக் குடியானவர்களிடம் கேட்டு, கிராமசபையில் எழுதி, வருஷந்தோறும் செலவுக் கணக்கை அங்கேயே உரக்கப் படிக்க வேண்டும். கங்கைகொண்டசோழபுரத்தார் இந்த ஜில்லாக்காரர்கள்தாம். சர்க்கார் தருவதாகச் சொன்ன செங்கல் மதிலின் கதை அவர்கள் வீட்டுக் கதை.