கயிற்றைப் பிடித்துக் குளம் வெட்டிய தண்டியடிகள்

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஆறாம் நாள் காலை. மாட வீதிகளில் அறுபத்து மூன்று நாயன்மார்களும் வரிசையாக உலா வருவார்கள். பள்ளி மாணவர்கள் அவர்களைத் தோளில் சுமந்து வருவார்கள். வீதியின் இரு பக்கமும் கூட்டம் நிற்கும்.

அந்த வரிசையில் அரசர்கள் உண்டு. பாடுபட்டுப் பிழைத்தவர்களும் உண்டு. திருநீலகண்டர் பானை வனைந்தவர். அதிபத்தர் வலை வீசியவர். திருக்குறிப்புத் தொண்டர் துணி வெளுத்தவர். கண்ணப்பர் வேட்டையாடியவர்.

அவர்களுக்கு நடுவே மண்வெட்டி பிடித்த ஒருவரும் இருக்கிறார். அவருக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. ஆனாலும் அவர் ஒரு பெரிய குளத்தைத் தூர் வாரத் துணிந்தார். அவர்தான் தண்டியடிகள் நாயனார்.

திருவாரூர்க்காரர்

தண்டியடிகள் பிறந்த ஊர் சோழ நாட்டுத் திருவாரூர். சுந்தரமூர்த்தி நாயனார் தம்முடைய திருத்தொண்டத் தொகையில் அவருடைய பெயரைச் சேர்த்திருக்கிறார். ஆகவே அவர் சுந்தரருக்கு முந்தியவர் அல்லது அவர் காலத்தவர். 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணம் பாடியபோது தண்டியடிகளின் வரலாற்றை விரிவாகச் சொன்னார். நமக்குத் தெரிந்த கதை அதுதான்.

தண்டியடிகள் நாள் தவறாமல் கோயிலுக்குப் போவார். தேவாசிரியன் மண்டபத்தின் முன் வணங்குவார். ஐந்தெழுத்தை ஓதிக்கொண்டே கோயிலை வலம் வருவார். புற இருள் அவரைத் தடுக்கவில்லை. பழகிய தரையும், பழகிய சுவரும், பழகிய ஓசையும் அவருக்கு வழி காட்டின.

கோயிலின் மேற்குப் பக்கத்தில் குளம் இருக்கிறது. கமலாலயம் என்று அதற்குப் பெயர். திருவாரூரில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்று ஊரார் கணக்குச் சொல்வார்கள். ஒரு வேலி சுமார் ஆறரை ஏக்கர். அந்தக் கணக்குப்படி குளம் மட்டும் முப்பது ஏக்கருக்கு மேல் வரும்.

தண்டியடிகளின் காலத்தில் குளம் அவ்வளவு பெரியதாக இல்லை. கரை ஓரங்களில் சமணர்களின் இருப்பிடங்கள் பெருகின. குளத்தின் இடம் குறைந்தது. மண்ணும் தூர்ந்தது. இதைக் கேள்விப்பட்டுத் தண்டியடிகள் வருந்தினார். குளத்தைத் தோண்டி ஆழமும் அகலமும் ஆக்க வேண்டும் என்று நினைத்தார்.

யாரிடமும் போய்ச் சொல்லி அழவில்லை. தாமே மண்வெட்டியை எடுத்தார்.

இரண்டு கம்பு, ஒரு கயிறு

கண் தெரியாதவர் குளத்தில் மண் வெட்டுவது எப்படி?

வெட்டுவதில் பெரிய சிரமம் இல்லை. மண்வெட்டி விழும் இடம் கைக்குத் தெரியும். மண் இளகியதா, கெட்டியா என்று பிடி சொல்லிவிடும். கூடை நிறைந்ததா என்று தடவிப் பார்த்துக்கொள்ளலாம். சிரமமெல்லாம் அதற்குப் பிறகுதான். கூடையைத் தூக்கிக்கொண்டு எந்தத் திசையில் நடப்பது? மண்ணைக் கொட்டிவிட்டு, வெட்டிய இடத்துக்கே திரும்பி வருவது எப்படி? ஓர் அடி பிசகினாலும் பள்ளத்தில் விழ நேரும்.

தண்டியடிகள் ஒரு வழி கண்டார். குளத்துக்குள் மண் வெட்டும் இடத்தில் ஒரு கம்பை நட்டார். கரையில் மண் கொட்டும் இடத்தில் இன்னொரு கம்பை நட்டார. இரண்டுக்கும் நடுவே ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினார்.

அப்புறம் வேலை நடந்தது. மண்ணை வெட்டிக் கூடையில் அள்ளுவார். கயிற்றைத் தடவிக்கொண்டே கரை ஏறுவார். கொட்டுவார். அதே கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்குவார். மறுபடியும் வெட்டுவார். ஒருவர் துணைக்கு வர வேண்டிய தேவை இல்லை. கையைப் பிடித்து அழைத்துப் போக ஆள் வேண்டியதில்லை.

கம்பும் கயிறும் எந்த ஏழை வீட்டிலும் இருக்கும். காசு செலவில்லை. ஆனால் அவை நட்ட இடத்தில் நிற்க வேண்டும். கட்டியது கட்டியபடி இருக்க வேண்டும். அவருடைய வேலை முழுவதும் அதை நம்பித்தான் இருந்தது.

பிடுங்கி எறிந்தார்கள்

அங்கே இருந்த சமணர்களுக்கு இது பிடிக்கவில்லை. மண்ணைத் தோண்டினால் மண்ணுக்குள் இருக்கும் சிறு உயிர்கள் சாகும், ஆகையால் தோண்டக் கூடாது என்றார்கள். இது இறைவனுக்குச் செய்யும் தொண்டு, இதன் பெருமை உங்களுக்குத் தெரியாது என்று தண்டியடிகள் பதில் சொன்னார். பேச்சு முற்றியது. கண்தான் இல்லை என்றால் காதும் கேட்காதா என்று அவர்கள் கேலி செய்தார்கள்.

தண்டியடிகள் கோபம் கொண்டார். இறைவன் அருளால் தமக்குக் கண் கிடைத்து, அவர்களுக்குப் பார்வை போனால் என்ன செய்வார்கள் என்று கேட்டார். அப்படி நடந்தால் இந்த ஊரில் இருக்க மாட்டோம் என்று அவர்கள் சொன்னார்கள்.

வாய்ச் சண்டையோடு நிற்கவில்லை. அவர் கையில் இருந்த மண்வெட்டியையும் கூடையையும் பறித்தார்கள். கம்புகளையும் கயிற்றையும் பிடுங்கி எறிந்தார்கள்.

கேலிப் பேச்சை அவர் தாங்கிக்கொண்டிருப்பார். கயிறு போனதுதான் பெரிய நஷ்டம். அதுவரை அவர் தாமாக நடந்து, தாமாக உழைத்த மனிதர். கயிற்றைப் பிடுங்கிய அந்த நிமிஷத்தில் எந்தப் பக்கம் கரை, எந்தப் பக்கம் பள்ளம் என்று தெரியாதவராக நின்றார். அவருடைய கண் இல்லாக் குறை அன்றைக்குப் புதிதாக வந்தது போல ஆயிற்று.

அரசன் முன் வழக்கு

தண்டியடிகள் கோயில் வாசலில் போய் முறையிட்டார். இரவு அழுதபடியே உறங்கிவிட்டார். இறைவன் கனவில் தோன்றி, கவலை வேண்டாம், உனக்குக் கண் கிடைக்கும் என்று அருளினார். அதே இரவில் சோழ அரசனுடைய கனவிலும் தோன்றி, அந்தத் தொண்டனின் குறையைத் தீர்த்து வை என்று கட்டளையிட்டார்.

பொழுது விடிந்தது. அரசன் வந்து இரு தரப்பையும் விசாரித்தான். பிறகு எல்லாரும் குளக்கரைக்குப் போனார்கள். தண்டியடிகள் கை குவித்தபடி தண்ணீரில் மூழ்கினார். எழுந்தபோது அவருக்குப் பார்வை வந்தது. எதிர்த்து நின்றவர்களுக்குப் பார்வை போயிற்று. அவர்கள் சொன்ன சொல்லின்படி ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அரசன் குளத்தைப் பெரிதாக்கிக் கரை கட்டினான். தண்டியடிகள் தொண்டு செய்து வாழ்ந்து இறைவன் அடி சேர்ந்தார். பெரிய புராணம் இவ்வாறு கதையை முடிக்கிறது. பங்குனி மாதம் சதய நட்சத்திரத்தில் அவருக்குக் குருபூஜை நடக்கிறது.

இது இரண்டு சமயங்கள் போட்டியிட்ட காலத்தின் கதை. அதை ஒரு தரப்பார் சொன்ன விதம் இது. எந்த உயிரையும் கொல்லாமை சமணர்களின் தலையான கொள்கை. சீவக சிந்தாமணியையும் நன்னூலையும் தமிழுக்குத் தந்தவர்கள் அவர்கள். திருவண்ணாமலை மாவட்டத்திலேயே போளூர்ப் பக்கம் திருமலையில் அவர்களுடைய பழைமையான மலைக்கோயில் இருக்கிறது. தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்றும் இந்த மாவட்டத்தில் வாழ்கின்றன. பழைய பகையை இன்று யாரும் சுமக்க வேண்டியதில்லை. சுமக்க வேண்டியது அந்தக் கயிற்றின் பாடத்தை.

கண் வருமுன் செய்த வேலை

தண்டியடிகள் என்றால் கண் பெற்ற அற்புதமே பலருக்கு நினைவு வரும். ஆனால் அவர் மண்வெட்டியைத் தூக்கியது கண் வருவதற்கு முன்பு. கண் வந்த பிறகு பார்க்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

அவரைப் போன்றவர்கள் பிற நாடுகளிலும் இருந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1717-ல் பிறந்த ஜான் மெட்காஃப் ஆறு வயதில் அம்மை நோயால் பார்வை இழந்தார். பிற்காலத்தில் அவர் சாலை போடும் ஒப்பந்தக்காரர் ஆனார். கைத்தடியால் தட்டித் தட்டி நிலத்தை அறிந்து, நூற்றுக்கு மேற்பட்ட மைல் சாலை போட்டார்.

அமெரிக்காவில் 1890-ல் பிறந்த ரால்ஃப் டீட்டர் ஐந்து வயதில் கத்தி பட்டுப் பார்வை இழந்தார். ஆனாலும் படித்து என்ஜினீயர் ஆனார். முதல் உலகப் போர்க் காலத்தில், போர்க் கப்பல்களின் டர்பைன் சுழலிகள் ஆட்டமில்லாமல் சுற்ற, விரல் நுனியாலேயே குறை கண்டு சரி செய்தார். கார் ஒரே வேகத்தில் ஓட உதவும் கருவியைக் கண்டுபிடித்து 1950-ல் காப்புரிமை பெற்றார். இன்று பல கார்களில் அது இருக்கிறது.

இருவருக்கும் கடைசி வரை பார்வை வரவில்லை. வேலை மட்டும் நடந்தது.

வீட்டுக்குள் ஒரு கயிறு

பார்வை இல்லாதவர் வீட்டில் ஒரு குழாய் ஒழுகினால், ஓர் ஆணி பெயர்ந்தால், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். தண்டியடிகளின் வழியைப் பிடித்தால் பல வேலைகளை அவரே செய்துகொள்ளலாம். இன்று பலர் செய்தும் வருகிறார்கள்.

குழாயைக் கழற்றும் முன் தண்ணீரை அடைக்க வேண்டும். பிறகு கழற்றக் கழற்ற ஒவ்வொரு பாகத்தையும் ஒரு தட்டில் இடமிருந்து வலமாக வைத்துக்கொண்டே போக வேண்டும். திரும்பப் பூட்டும்போது வலமிருந்து இடமாக எடுத்தால் போதும். முதலில் வந்தது கடைசியில் போகும். ஒன்றும் மாறாது. ஒழுகும் இடத்தைக் கண்ணைவிட விரல் நுனி சீக்கிரம் கண்டுபிடிக்கும்.

அளவு எடுக்க ஒரு நூலில் சாண் தோறும் முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம். ஆணி அடிக்கும்போது ஆணியை இடுக்கியால் பிடித்துக்கொண்டால் சுத்தியல் விரலில் விழாது.

கேஸ் அடுப்புத் திருகிலும் மிக்ஸியின் திருகிலும் எது நிறுத்தம், எது குறைவு, எது அதிகம் என்று எழுதியிருப்பது கைக்குத் தெரியாது. அந்த இடங்களில் பசையால் ஒரு சிறு புள்ளி வைத்து, காய்ந்து மேடானதும் தடவினால் தெரியும். தொட்டால் எதற்கும் மேடு பள்ளம் இல்லாத, கண்ணாடி போன்ற முகப்புள்ள அடுப்பைவிடத் திருகு உள்ள அடுப்பே இவர்களுக்கு நல்லது. வாங்கும் முன் கடையிலேயே தடவிப் பார்த்து வாங்க வேண்டும். குக்கர் விசிலை எண்ணுவதற்குக் கண் வேண்டியதில்லை.

மின்சார வேலையில் மட்டும் மெயின் சுவிட்சை நிறுத்திய பிறகே கை வைக்க வேண்டும். கம்பி வேலைக்கு எலக்ட்ரீஷியனைத்தான் அழைக்க வேண்டும். இந்த விதி கண் உள்ளவருக்கும் பொது.

இதெல்லாம் பார்வை இல்லாதவர் செய்ய வேண்டியவை. வீட்டில் மற்றவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும்.

உப்பு டப்பாவை இடம் மாற்றி வைப்பது நமக்குச் சின்ன விஷயம். நடைபாதையில் ஒரு முக்காலியைப் போட்டுவிட்டுப் போவதும் சின்ன விஷயம். சுத்தியலை எடுத்து வேறு அலமாரியில் வைத்தால் தேடி எடுத்துக்கொள்வோம். ஆனால் பார்வை இல்லாதவருக்கு அந்த டப்பாவும் முக்காலியும் அலமாரியும்தான் கயிறு. கெட்ட எண்ணம் இல்லாமலேயே, அன்பாக ஒழுங்குபடுத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டே நாம் அதைப் பிடுங்கிவிடுகிறோம். பிறகு, பாவம், அவரால் ஒன்றும் முடியவில்லையே என்று இரக்கமும் படுகிறோம்.

தண்டியடிகள் யாருடைய இரக்கத்தையும் கேட்டதாகப் புராணம் சொல்லவில்லை. கம்பு நட்டது அவர். கயிறு கட்டியதும் அவர். ஊரார் அதைத் தொடாமல் இருந்திருந்தால், கூடை கூடையாக அவர் வெட்டிக்கொண்டே இருந்திருப்பார்.