லேப்டாப்பில் ‘பயாஸ்’ எங்கிருந்து வந்தது? கேரி கில்டாலின் கதை

குளச்சலிலோ மார்த்தாண்டத்திலோ பிளஸ் டூ முடித்து இன்று ஐ.டி.யில் இருக்கும் பலருக்கு அரசு தந்த இலவச லேப்டாப் நினைவிருக்கும். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் ஆரம்பகால லேப்டாப்களில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. இப்படி இரண்டு ஓஎஸ் வைத்திருப்பவர்கள் என்றாவது ஒருநாள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது நீலத்திரையில் மாட்டிக்கொள்வது உண்டு. அப்போது எல்லோரும் ஓடிப்போய்த் திறப்பது ‘பயாஸ்’ மெனு. அந்தப் பெயரைத் தந்தவர் கேரி கில்டால்.

1942-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் பிறந்தவர். மாலுமிகளுக்குக் கடல்வழி கணிக்கக் கற்றுத்தரும் பள்ளிதான் குடும்பத் தொழில். (முட்டம் பக்கத்துக்காரர்களுக்கு அதன் அருமை தெரியும்.) 1972-ல் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கினார். கலிபோர்னியாவில் கடற்படைக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராக இருந்தபடியே, 1974-ல் ஃபிளாப்பியிலிருந்து இயங்கும் ‘சிபி/எம்’ ஓஎஸ்ஸை உருவாக்கினார். மனைவி டோரதியோடு சேர்ந்து டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தையும் தொடங்கினார்.

அப்போது ஒவ்வொரு கம்பெனியின் கம்ப்யூட்டரும் ஒவ்வொரு மாதிரி. வட்டு வேறு, கீபோர்டு வேறு. ஒவ்வொன்றுக்கும் ஓஎஸ்ஸைத் திருத்திக்கொண்டே இருந்தால் கட்டுப்படியாகுமா? மெஷினுக்கு மெஷின் மாறுகிற பகுதியை மட்டும் கில்டால் தனியே பிரித்தார். அதுதான் பயாஸ். புது மெஷின் வந்தால் அந்தச் சின்னப் பகுதியை மாற்றினால் போதும். பிற்பாடு ஐபிஎம் பிசியின் சிப்பில் பதித்த நிரலுக்கும் இதே பெயர் வந்தது. இன்று அந்த இடத்தில் யுஇஎஃப்ஐ இருக்கிறது, ஆனாலும் வாயில் வருவது பயாஸ்தான்.

நீலத்திரைக்கு ஒரு முக்கியக் காரணமும் இங்கேதான். லினக்ஸ் நிறுவும்போது வட்டு தெரியவில்லை என்று பயாஸில் ஸ்டோரேஜ் மோடை ‘ரெய்டு’விலிருந்து ‘ஏஹெச்சிஐ’க்கு மாற்றுவார்கள். லினக்ஸ் ஓடும். விண்டோஸோ பழைய முறையிலேயே வட்டைத் தேடி, கிடைக்காமல் விழுந்துவிடும். உடனே ஃபார்மட் அடிக்க வேண்டாம். மோடைப் பழையபடி வைத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’பையும் அணைத்துவிடுவது நல்லது. அது இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். அதன் வட்டில் லினக்ஸ் எழுதப்போனால் ஃபைல்கள் கெடலாம்.

கில்டாலுக்கு வந்த அடி வேறு. 1980-ல் ஐபிஎம் ஆட்கள் ஓஎஸ் கேட்டு வீட்டு வாசலுக்கே வந்தார்கள். அவர் தன் விமானத்தில் வேறொரு வாடிக்கையாளரைப் பார்க்கப் போயிருந்தார். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட டோரதி தயங்கினார். அதன்பின் அன்று நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ஊர் சுற்றப்போய் வாய்ப்பை விட்டவர் என்ற பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது. அது நியாயமில்லை. ஐபிஎம் பிற்பாடு சிபி/எம்மையும் விற்க ஒப்புக்கொண்டதே! விலைதான் கவிழ்த்தது. மைக்ரோசாஃப்ட் வெளியிலிருந்து வாங்கித் தந்த டாஸ் 40 டாலர், சிபி/எம்-86 240 டாலர். கடைக்கு வந்தவர் எதை வாங்குவார்? அந்த டாஸும் சிபி/எம்மைப் பார்த்து வடிவமைத்ததுதான் என்பது கில்டாலைக் கடைசிவரை உறுத்தியது.

1991-ல் டிஜிட்டல் ரிசர்ச்சை நோவெல் வாங்கியது. 1994 ஜூலையில், தலையில் பட்ட காயத்தால் கில்டால் இறந்தபோது வயது 52. இருபது ஆண்டு கழித்து, பசிபிக் குரோவில் அவருடைய பழைய அலுவலகத்தின் முன்னால் ஐஇஇஇ அமைப்பு ஒரு நினைவுப் பலகை பதித்தது.