விற்காமல் வைத்த வாத்தியங்கள்: ஆர்.கே. சேகரின் கதை

டிக்கோயாவில் என் அம்மாயி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தம்பியின் இசையைக் கேட்காமல் தூங்க முடியாது. அவன் என் சித்தியின் மகன். கிளிநொச்சியில் பிறந்தவன், இப்போது அம்மாயியோடு லயத்தில் இருக்கிறான். திரை வெடித்த ஒரு கைத்தொலைபேசிதான் அவனுடைய ஒலிப்பதிவுக்கூடம். கோயில் திருவிழாவில் தப்பு அடித்ததை அதிலேயே பதிவு செய்து, துண்டு துண்டாக வெட்டி, சிந்தசைசர் செயலி ஒன்றில் எடுத்த ஒலியை அடியில் சேர்த்துப் பாட்டாக்குகிறான்.

சில மாதங்களுக்கு முன் சித்தி கிளிநொச்சியிலிருந்து அழைத்தார். தொலைபேசியோடு இணைக்கும் சிறிய கீபோர்ட் ஒன்று வேண்டும் என்று தம்பி கேட்கிறானாம். சீட்டுக் காசு கையில் இருக்கிறது. ஆனால் அந்தக் காசில் அவனைக் கொழும்புக்கு அனுப்பிக் கடையில் சேர்த்துவிடு, வாத்தியம் சோறு போடாது என்று உறவினர்கள் சொல்கிறார்களாம். படித்தவள் நீ, என்ன சொல்கிறாய் என்று என்னிடம் கேட்டார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்த காலத்தில் வாசித்த ஒரு மனிதரின் வாழ்க்கை நினைவுக்கு வந்தது. அதை முழுமையாகத் தேடிப் படித்தேன். அவர் ஆர்.கே. சேகர்.

1933இல் பிறந்த தமிழர் சேகர். பெயர் பெற்றதோ மலையாளத் திரையிசையில். அன்று மலையாளப் படங்களின் பாடல்களும் பெரும்பாலும் சென்னையில்தான் பதிவாகின. 1964இல் வந்த 'பழசிராஜா' படம் அவரை இசையமைப்பாளராக்கியது. வயலார் ராமவர்மாவின் வரிகளுக்கு அவர் போட்ட மெட்டுகள் கவனம் பெற்றன. ஆனாலும் அடுத்தடுத்துப் படங்கள் வந்து குவியவில்லை. பல ஆண்டுகள் மற்றவர்களின் பாடல்களுக்கு வாத்திய அமைப்பு செய்வதே அவர் தொழிலாக இருந்தது.

அந்தத் தொழிலைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இசையமைப்பாளர் மெட்டைத் தருவார். வயலின்கள் எங்கே எழ வேண்டும், புல்லாங்குழல் எங்கே நுழைய வேண்டும், எங்கே எல்லாம் அடங்கிக் குரல் மட்டும் நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு கலைஞருக்கும் எழுதிக் கொடுத்து, பதிவு நாளன்று முன்னால் நின்று நடத்துபவர் வாத்திய அமைப்பாளர். பாட்டு வெற்றி பெற்றால் பெயர் மெட்டுப் போட்டவருக்குப் போகும். சேகர் இந்த வேலையை இரவு பகல் பாராமல், ஒரே நேரத்தில் பல படங்களுக்குச் செய்தார். எம்.கே. அர்ஜுனன் மாஸ்டரின் பாடல்களுக்குப் பின்னால் இருந்தவர் அவர்தான்.

1971 முதல் இசையமைப்பாளராக மீண்டும் படங்கள் கிடைத்தன. 'சுமங்கலி', 'யோகமுள்ளவள்', 'ஆறடி மண்ணின்றெ ஜன்மி' எல்லாம் அந்தக் காலத்தவை. கடைசியாகச் சொன்ன தலைப்புக்கு ஆறடி மண்ணின் உரிமையாளன் என்று பொருள். சொந்தமாக ஒரு பேர்ச் காணிகூட இல்லாத லயத்தில் இருந்துகொண்டு அந்தத் தலைப்பை வாசித்தபோது, அதைக் கடந்துபோக எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

சேகருக்கு இன்னொரு முகமும் இருந்தது. புதிய கருவிகள் மேல் தீராத ஆசை. சென்னை ஒலிப்பதிவுக்கூடங்களுக்கு மின்னணு வாத்தியங்களை ஆரம்பத்திலேயே கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த அந்தக் கருவிகள் அவர் வீட்டில் சேர்ந்தன.

அன்றைய சிந்தசைசர் இன்று நாம் திருவிழா மேடையில் பார்க்கும் கீபோர்ட் போன்றதல்ல. அமெரிக்காவில் ராபர்ட் மூக் 1964இல் தன் முதல் மாதிரியைச் செய்தார். 1970இல் மேடைக்குத் தூக்கிச் செல்லக்கூடிய மினிமூக் வந்தது. உள்ளே ஒரு மின்சுற்று இடைவிடாமல் அதிர்ந்து கரடுமுரடான ஒலி ஒன்றைத் தரும். அடுத்த சுற்று அதை வடிகட்டிக் குணத்தை மாற்றும். மூன்றாவது, அந்த ஒலி எப்படிப் பிறந்து எப்படிச் சாக வேண்டும் என்று தீர்மானிக்கும். தப்பின் ஒலி அடித்த கணத்தில் எழுந்து உடனே அடங்கிவிடும். நாதஸ்வரத்தின் ஒலி மூச்சுள்ளவரை நிற்கும். சிந்தசைசரில் இந்த வேறுபாட்டை ஒரு குமிழைத் திருகி உண்டாக்கலாம். ஆனால் மினிமூக்கில் ஒரே நேரத்தில் ஒரு சுரம்தான் வாசிக்க முடியும். சூடேறினால் சுருதி விலகும். விலையும் சாதாரணக் கலைஞருக்கு எட்டாதது.

வீட்டில் அந்தக் கருவிகளைச் சுற்றி வந்த ஒரு சிறுவன் இருந்தான். 1967இல் பிறந்த திலீப். நான்கு வயதிலேயே விசைகளில் விரல் வைத்தவன்.

சேகர் நோயில் விழுந்தார். நீண்ட காலம் வைத்தியம் நடந்தது, பலன் இல்லை. 1976 செப்டெம்பர் 30ஆம் திகதி அவர் இறந்தார். அப்போது அவருக்கு 43 வயதுதான். திலீப்புக்கு 9 வயது. மூன்று மகள்களும் ஒரு மகனுமாக நான்கு பிள்ளைகளோடு மனைவி கஸ்தூரி தனித்து நின்றார்.

சினிமா உலகில் வாத்திய அமைப்பாளருக்கு ஓய்வூதியம் இல்லை. கணவர் விட்டுப்போன சொத்தென்று இருந்தது அந்த வாத்தியங்கள்தான். அவற்றை விற்று, பணத்தை வட்டிக்குப் போட்டுச் சாப்பிடலாம் என்று சுற்றியிருந்தவர்கள் ஆலோசனை சொன்னார்கள். கணக்குப்படி அது தவறான ஆலோசனையும் அல்ல. கஸ்தூரி மறுத்தார். மகன் ஒருநாள் இவற்றை வாசிப்பான் என்றார். வாத்தியங்கள் வாடகைக்குப் போயின. ஒலிப்பதிவுக்கூடங்களிலிருந்து வந்த அந்த வாடகையில் குடும்பம் நடந்தது.

மகன் சீக்கிரமே வேலைக்குப் போக வேண்டியிருந்தது. 11 வயதில் இசைக்குழுக்களில் வாசிக்கத் தொடங்கினான். 1981இல் வந்த 'அடிமச்சங்கல' படத்தில் கீபோர்ட் வாசிக்க அவனை அழைத்தவர், அப்பா யாருக்காக உழைத்தாரோ அதே அர்ஜுனன் மாஸ்டர். சின்ன வயதில் தந்தையை இழந்து, வறுமையால் பழனியில் ஓர் ஆசிரமத்தில் வளர்ந்தவர் அவர். தகப்பன் இல்லாத பிள்ளையின் நிலை அவருக்குத் தெரியாதது அல்ல.

பின்னாளில் குடும்பம் இஸ்லாத்தைத் தழுவியது. கஸ்தூரி கரீமா பேகம் ஆனார். திலீப் ஏ.ஆர். ரஹ்மான் ஆனார். வீட்டுக்குப் பின்னால் சொந்த ஒலிப்பதிவுக்கூடம் கட்ட நினைத்த மகனுக்கு, 16 தடங்களில் பதிவு செய்யும் ஃபோஸ்டெக்ஸ் கருவி வாங்கத் தன் நகைகளை விற்றுக் கொடுத்தவரும் அந்தத் தாய்தான். கணவரின் வாத்தியங்களை விற்காதவர், தன் நகைகளை விற்றார். 1989இல் அந்தக் கூடம் எழுந்தது. 1992இல் 'ரோஜா' வந்தது. அதன்பின் நடந்தது நமக்கெல்லாம் தெரிந்தது.

'ரோஜா' வந்தபோது நான் சின்னக் குழந்தை. அந்தப் பாடல்கள் வன்னிக்கு எப்படி வந்தன என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். 1977 வன்முறைக்குப் பிறகு மலையகத்திலிருந்து போய் அங்கே குடியேறிய குடும்பம் அவருடையது. மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் பற்றரியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வரும் மின்சாரத்தில் கசெற் ஓடும். சுற்றுபவர் களைத்தால் பாட்டும் இழுபடும். சித்தப்பா அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் வாசிக்கக் கற்றார். 2002இல் ஏ9 பாதை திறந்ததும் கொழும்பு போய் ஒரு கசியோ கீபோர்ட் வாங்கி வந்தார். கோயில் திருவிழாக்களில் அதை வாசித்து வீட்டுக்கு நாலு காசும் கொண்டுவந்தார்.

2009 ஜனவரியில் தருமபுரத்து வீட்டை விட்டுப் புறப்படும்போது, அந்தக் கீபோர்ட்டைப் பொலித்தீனில் சுற்றிப் பங்கருக்குள் வைத்து மண்ணால் மூடினார். திரும்பி வரலாம் என்று நினைத்தார். மாத்தளனில் ஷெல் விழுந்து அவர் போனார். தம்பிக்கு அப்போது 7 வயது. முகாமிலிருந்து 2010இல் ஊருக்கு வந்த சித்தி, முதலில் அந்த இடத்தைத் தோண்டினார். மழைநீர் ஊறி, கீபோர்ட் எதற்கும் உதவாமல் கிடந்தது.

சேகரின் வாழ்க்கையைப் படிக்கும்போது எனக்கு உறைத்த இடம் இதுதான். கணவரை இழந்த நாளில் கஸ்தூரியிடம் விற்பதா வைப்பதா என்று யோசிக்க ஏதோ ஒன்று இருந்தது. நம்முடைய பெண்களில் எத்தனையோ பேருக்கு அந்தக் கேள்விகூட மிஞ்சவில்லை. தையல் மெஷின், மீன்வலை, உழவு இயந்திரம், கீபோர்ட் என்று இறந்தவரின் கைத்தொழில் எதில் இருந்ததோ அதுவும் அவரோடு போய்விட்டது. பிள்ளைகளுக்கு அப்பாவின் புகைப்படமாவது இருந்தால் அதிர்ஷ்டம்.

இன்று கருவி மட்டும் மலிந்துவிட்டது. கொரோனா முடக்கம் தொடங்கிய 2020 மார்ச்சில் மூக் நிறுவனம் மினிமூக்கின் செயலி வடிவத்தைக் கொஞ்ச காலத்துக்கு இலவசமாகவே கொடுத்தது. கோர்க் நிறுவனமும் தன் செயலியை அப்படிக் கொடுத்தது. சேகர் கடல் கடந்து வரவழைத்தது போன்ற ஒலிகளைத் தம்பி லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து விரலால் தடவி எடுக்கிறான். ஆனால் அவன் அதில் செலவிடும் நேரத்தை வீண் என்று சொல்லாமல் இருக்க ஓர் ஆள் வேண்டும். அது எந்தச் செயலியிலும் கிடைக்காது.

சித்தியைத் திரும்ப அழைத்து இந்தக் கதையைச் சொன்னேன். உண்மையையும் மறைக்கவில்லை. வாத்தியத்தை வைத்துக்கொண்ட எல்லாத் தாய்மாருக்கும் ஒரு ரஹ்மான் கிடைப்பதில்லை. ஆனால் 1976இல் கஸ்தூரிக்கும் அது தெரியாது. அவர் ஒஸ்கார் விருதை நினைத்து வாத்தியங்களை வைத்திருக்கவில்லை. இன்றைக்கு அவை வாடகைக்குப் போகும், நாளைக்கு மகன் வாசிப்பான். அவ்வளவுதான் அவர் போட்ட கணக்கு. சேகரோ மகனின் புகழைப் பார்க்கவில்லை.

சித்தி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, அந்தக் கீபோர்ட்டைத் திருவிழாக் குழுக்களுக்கு வாடகைக்கு விடலாமா என்று கேட்டார். விடலாம் என்றேன். அடுத்த கிழமை காசை அனுப்பிவிட்டார். தம்பியிடம் ஒரே ஒரு நிபந்தனை. திருவிழாவுக்கு வாசிக்கப் போனால் முதல் சம்பளத்தில் நல்ல பொலித்தீன் உறை ஒன்று வாங்க வேண்டும், மழை படக்கூடாது.