புகையை வீணாக்க மனமில்லாத பொறியாளர்: டர்போசார்ஜர் தந்த ஆல்ஃபிரட் பியூக்கி யார்?

டீசல் வண்டிகளின் பின்பக்கம் ‘டர்போ’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வைத்திருக்கும் பலருக்கு, அதில் ஒரு டர்போவை மாட்டிவிட வேண்டும் என்ற ஆசை உண்டு. மாட்டினால் இழுவை கூடும் என்பது சரிதான். ஆனால், மாட்டினால் மட்டும் போதுமா? இந்தக் கேள்வியோடு 20 ஆண்டுகள் மல்லுக்கட்டியவர்தான் டர்போசார்ஜரின் தந்தை ஆல்ஃபிரட் பியூக்கி.

இன்ஜின் ஊரில் பிறந்தவர்

சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் 1879-ல் பிறந்தார் பியூக்கி. நீராவி இயந்திரங்களுக்கும் டீசல் இன்ஜின்களுக்கும் பேர்போன சுல்சர் நிறுவனத்தின் ஊர் அது. அவருடைய அப்பாவும் அங்கே உயர் பொறுப்பில் இருந்தார். சூரிச்சில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு, பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் வேலை பார்த்தார் பியூக்கி.

இன்ஜினில் வீணாகும் வெப்பம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சூடான புகையோடு சைலன்சர் வழியே வெளியேறிவிடுகிறது. காசு கொடுத்து வாங்கிய எரிபொருள் சும்மா காற்றில் போகிறதே!

யோசனை என்ன?

வெளியேறும் புகை ஒரு டர்பைன் சக்கரத்தைச் சுற்றட்டும். அந்தச் சுழற்சியால் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் தள்ளட்டும். காற்று அதிகமானால் கூடுதல் டீசலை முழுசாக எரிக்கலாம். இன்ஜினின் அளவு அதேதான். சக்தி மட்டும் கூடும். இதன் ஆரம்ப வடிவத்துக்கு 1905-ல் ஜெர்மனியில் காப்புரிமை பெற்றார். அப்போது அவருக்கு வயது 26.

ஏன் 20 ஆண்டுகள் ஆனது?

காகிதத்தில் எளிதாக இருந்த யோசனை, பட்டறையில் படுத்தி எடுத்தது. அன்றைய டர்பைன்களும் கம்ப்ரசர்களும் திறன் குறைந்தவை. புகைக்குழாயில் டர்பைனை வைத்தாலே புகை வெளியேறத் தடை வரும். உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம் அந்தத் தடையை மிஞ்சாவிட்டால் லாபமே இல்லை. வெப்பம் தாங்கும் உலோகங்களும் அப்போது குறைவு.

இதற்கிடையே, முதல் உலகப் போர்க் காலத்தில் மற்றவர்களும் களமிறங்கினர். 1918-ல் அமெரிக்காவின் சான்ஃபோர்ட் மாஸ், சுமார் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு விமான இன்ஜினைக் கொண்டுபோய் டர்போவைச் சோதித்தார். காற்று மெலிந்த உயரத்திலும் இன்ஜின் சோர்ந்துபோகாது என்பது அங்கே தெரிந்தது. மலையேறும் வண்டிகளுக்கு டர்போ இன்றும் கைகொடுப்பது இதனால்தான்.

பியூக்கி தன் வழியை விடவில்லை. 1925-ல் தீர்வு கிடைத்தது. ஒரு சிலிண்டரின் புகை இன்னொன்றுக்கு இடைஞ்சல் தராதபடி குழாய்களைப் பிரித்து டர்பைனுக்குக் கொண்டுபோனார். புகை வால்வும் காற்று வால்வும் சிறிது நேரம் ஒன்றாகத் திறந்திருக்கும்படி செய்தார். புதிய காற்று உள்ளே பாய்ந்து மிச்சப் புகையைத் துரத்தியது, சிலிண்டரும் குளிர்ந்தது.

அதாவது, அவர் டர்போவை மட்டும் சரிசெய்யவில்லை. டர்போவுக்கு ஏற்றபடி இன்ஜினையே மாற்றினார்.

கப்பலில் தொடங்கிய வெற்றி

பிராய்சன், ஹான்ஸஸ்டாட் டான்சிக் என்ற இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களில் இந்த முறை பொருத்தப்பட்டது. 1,750 குதிரைத்திறன் தந்த இன்ஜின்கள் 2,500 வரை எட்டின. 40 சதவீதத்துக்கும் அதிகமான உயர்வு! அதன்பின் ரயில், லாரி எனப் பரவியது. ஆனால், பியூக்கி 1959-ல் காலமானபோது டர்போ டீசல் கார் கடைக்கு வந்திருக்கவில்லை. மெர்சிடிஸ் 300எஸ்டி வந்தது 1978-ல். டொயோட்டா லேண்ட் க்ரூஸருக்கு டர்போ டீசல் இன்ஜின் கிடைத்தது 1985-ல்.

பழைய ஜீப்புக்கு என்ன பாடம்?

நிமிடத்துக்கு லட்சம் சுற்றுகளைத் தாண்டக்கூடிய டர்போவின் தண்டுக்கு, தடையில்லாமல் ஆயில் போய்த் திரும்ப வழி வேண்டும். டீசல் பம்ப்பை அளவாகத் திருத்த வேண்டும். மிதமிஞ்சினால் புகையின் வெப்பம் எகிறி பிஸ்டன் உருகும். அழுத்தும்போது சூடாகும் காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர் இருந்தால் நல்லது. கூடுதல் இழுவையை கிளட்ச்சும் கியர்பாக்ஸும் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் விட்டுவிட்டு டர்போவை மட்டும் மாட்டுபவர், 1925-க்கு முன்பு பியூக்கி முட்டி நின்ற அதே சுவரில்தான் போய் முட்டுவார்.