தாமஸ் டேனியல்

தாமஸ் டேனியல் (1749 - மார்ச் 19, 1840) இங்கிலாந்தைச் சேர்ந்த இயற்கைக்காட்சி ஓவியர் ஆவார். தம் உடன்பிறந்தாரின் மகனான வில்லியம் டேனியலுடன் (1769 - 1837) இந்தியாவில் பயணம் செய்து வரைந்த காட்சிகளால் இவர் அறியப்படுகிறார். திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையை 1792ஆம் ஆண்டில் இவ்விருவரும் வரைந்தனர்.

இளமை

இவரது தந்தை விடுதி நடத்தி வந்தார். தாமஸ் முதலில் குதிரை வண்டிகளுக்கு வண்ணம் தீட்டும் தொழிலைப் பழகினார். செல்வர்களின் வண்டிக் கதவுகளில் குலச்சின்னங்களையும் பூக்களையும் வரைவது அக்காலத்தில் தனித்தொழிலாக இருந்தது. 1773இல் லண்டன் ராயல் அகாடமியின் பள்ளியில் சேர்ந்தார். அங்கு இயற்கைக்காட்சி ஓவியத்தில் பெரிய வெற்றி கிட்டாததால், கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதி பெற்று, 1785இல் பதினைந்து வயதேயான வில்லியமுடன் கப்பலேறினார்.

கல்கத்தா

1786 முதல் 1788 வரை கல்கத்தா நகரின் பன்னிரண்டு காட்சிகளை அக்குவாடிண்ட் முறையில் வெளியிட்டார். செப்புத் தகட்டில் பிசின் தூளைப் படியவைத்து, அமிலத்தால் படிப்படியாக அரிக்கச் செய்து, நீர்வண்ண ஓவியம் போன்ற நிழல்களைப் பெறுவது இம்முறையாகும். இதில் இவருக்கு அப்போது போதிய தேர்ச்சி இல்லை. உள்ளூர்த் தொழிலாளர்களின் உதவியுடன் தகடு செய்வது முதல் அச்சிடுவது வரை எல்லாவற்றையும் தாமே பார்க்க நேர்ந்தது. படங்கள் சற்றுக் கரடுமுரடாகவே அமைந்தன. எனினும் பின்னாளில் இவருக்குப் பெயர் தேடித்தந்தது இம்முறையே.

தென்னிந்தியப் பயணம்

ஓவியங்களைக் குலுக்கல் முறையில் விற்றுக் கிடைத்த பணத்தைக் கொண்டு இருவரும் 1792 மார்ச்சில் சென்னைக்கு வந்தனர். மூன்றாம் மைசூர்ப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. மலைக்கோட்டைகளின் படங்களுக்கு ஆங்கிலேயரிடையே நல்ல வரவேற்பு இருந்தது. சங்ககிரி, மதுரை, பாபநாசம், கன்னியாகுமரி ஆகிய இடங்களுக்குச் சென்றபின் திருச்சிராப்பள்ளியையும் தஞ்சாவூரையும் அடைந்தனர்.

களத்தில் இவர்கள் காமிரா அப்ஸ்கியூரா என்னும் கருவியைப் பயன்படுத்தினர். எதிரிலுள்ள காட்சியை வில்லை வழியே தாளில் விழச்செய்யும் இருட்டுப் பெட்டி இது. கோபுரம், மண்டபம் போன்றவற்றின் அளவுகள் பிழையின்றி அமைய இது உதவியது. பென்சில் கோடுகளின்மேல் மெல்லிய வண்ணம் பூசப்பட்டது. எண்ணெய் வண்ண ஓவியங்களும் செப்புத் தகடுகளும் பின்னர் இவற்றிலிருந்தே உருவாயின.

சுமார் 83 மீட்டர் உயரமுள்ள திருச்சிப் பாறை மூன்று அச்சோவியங்களுக்குப் பொருளாயிற்று. ஒன்று தென்கிழக்கிலிருந்து காணும் காட்சி. மற்றொன்று கோட்டைக்குள் காண்பது. மூன்றாவது, ஊருக்கும் திருவரங்கத்துக்கும் இடையே ஓடும் காவிரியிலிருந்து வரையப்பட்டது. ஒரே பாறையை வெவ்வேறு இடங்களிலிருந்து அணுகிய விதத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஓவிய மாணவர்களுக்கு இவை ஏற்றவை. கோட்டை மதில்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டு, மெயின்கார்டு கேட் போன்ற சில பகுதிகளே எஞ்சியதால், இவை வரலாற்றுச் சான்றாகவும் விளங்குகின்றன.

பிற்காலம்

1794இல் இருவரும் இங்கிலாந்து திரும்பினர். 1795 முதல் 1808 வரை 'ஓரியண்டல் சீனரி' என்ற பெயரில் 144 அச்சோவியங்கள் ஆறு பகுதிகளாக வெளிவந்தன. இவற்றுள் எல்லோராக் குகைகளின் படங்கள் ஜேம்ஸ் வேல்ஸ் வரைந்தவற்றைக் கொண்டு செய்யப்பட்டவை. அக்குவாடிண்டில் கல்கத்தாக் காலத்துக் குறைகள் இத்தொகுப்பில் காணப்படவில்லை. இதில் வில்லியமின் கடும் உழைப்புக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் புகழ் நெடுங்காலம் தாமஸின் பெயருக்கே சேர்ந்தது.

தாமஸ் 1799இலும் வில்லியம் 1822இலும் ராயல் அகாடமியின் முழு உறுப்பினர்களாயினர். தாமஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை. வில்லியம் இறந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1840இல் லண்டன் கென்சிங்டனில் காலமானார்.