ஏ.கே. செட்டியார்: காந்தியின் படச்சுருளைத் தேடி ஐரோப்பாவில் அலைந்த தமிழர் - யார் இந்த 'உலகம் சுற்றிய தமிழன்'?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகிறவர்களுக்கு மரக்காணம் வந்துவிட்டதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாத்தி பாத்தியாக உப்பளம், நடுநடுவே வெள்ளைக் குவியல். முதுகுப் பையோடு வரும் வெளிநாட்டு இளைஞர்கள் வண்டியை ஓரங்கட்டி போட்டோ எடுப்பதும் இந்தச் சாலையில் பழகிப்போன காட்சிதான். தனியா வருவாங்க, குறைந்த செலவில் ஊர் சுற்றுவாங்க, வழியில் கிடைப்பவர்களோடு சிநேகமாகிடுவாங்க.

சரி, இதே மாதிரி இங்கிருந்து தனியாக ஐரோப்பா போய் அலைந்த தமிழர் உண்டா? உண்டு. அதுவும் 1930-களிலேயே. அவர் தேடிப் போன விஷயத்துக்கும் மரக்காணத்தில் விளையும் உப்புக்கும்கூட ஒரு தொடர்பு இருக்கிறது.

யார் இவர்?

அ. கருப்பன் செட்டியார் என்றால் பலருக்குத் தெரியாது. ஏ.கே. செட்டியார் என்றால் பழைய வாசகர்களுக்குத் தெரியும். காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள கோட்டையூரில் 1911-ம் ஆண்டு நவம்பர் 4-ம் தேதி பிறந்தவர். இளம் வயதிலேயே பர்மா போய், ரங்கூனில் வெளிவந்த 'தனவணிகன்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தார். அந்தக் காலத்தில் நகரத்தார் பிள்ளைகள் கப்பலேறினால் பெரும்பாலும் வட்டிக்கடைக் கணக்கு எழுதத்தான். இவர் பேனாவைப் பிடித்தார். அதுவும் போதாமல் கேமரா கற்றுக்கொள்ள முதலில் டோக்கியோ, பிறகு நியூயார்க் என்று கிளம்பிவிட்டார்.

நியூயார்க்கில் படிப்பை முடித்துவிட்டு, அயர்லாந்தின் டப்ளினை நோக்கிக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். அன்று 1937 அக்டோபர் 2. காந்தியின் 68-வது பிறந்தநாள். காந்தியின் வாழ்க்கையை ஒரு முழு ஆவணப்படமாக எடுத்தால் என்ன என்ற யோசனை அவருக்கு வந்தது நடுக்கடலில், அந்த நாளில்தான். வயது 26 நிரம்ப இன்னும் ஒரு மாதம் இருந்தது.

ஏன் ஐரோப்பாவுக்குப் போகணும்?

காந்தி இருந்தது இந்தியாவில். படம் எடுக்க ஐரோப்பாவில் என்ன வேலை என்று கேட்கலாம். விஷயம் என்னவென்றால், செட்டியாருக்குத் தேவைப்பட்டது அன்றைய காந்தி மட்டும் இல்லை, பழைய காந்தியும்தான். முந்தைய 25 ஆண்டுகளில் யார் யாரோ, எங்கெங்கோ காந்தியைப் படம் பிடித்திருந்தார்கள். அந்தச் சுருள்களில் பெரும்பகுதி வெளிநாட்டுச் செய்திப்பட நிறுவனங்களின் அலமாரிகளில் கிடந்தது.

1931-ல் வட்டமேசை மாநாட்டுக்காகக் காந்தி லண்டன் போனார். கிழக்கு லண்டனில் ஏழைத் தொழிலாளர்கள் வாழும் பகுதியில் தங்கினார். அந்நியத் துணிப் புறக்கணிப்பால் வேலை இழந்திருந்த லங்காஷயர் ஆலைத் தொழிலாளர்களையே நேரில் போய்ச் சந்தித்தார். திரும்பும் வழியில் பாரிஸ், சுவிட்சர்லாந்து, ரோம். போன இடமெல்லாம் கேமராக்கள் பின்னாலேயே ஓடின. அதற்கு முன்னால் 20 ஆண்டுகள் தென்னாப்பிரிக்க வாழ்க்கை வேறு. இதை யாராவது ஒருவர் போய்த் தேடி, ஓரிடத்தில் சேர்க்க வேண்டும்.

இப்போது உப்புக்கு வருவோம். ஆங்கிலேயர் ஆட்சியில் உப்புக்கு வரி. மரக்காணம் மாதிரி கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்கூட, கண்ணெதிரே விளையும் உப்பை அரசு அனுமதி இல்லாமல் அள்ளிவிட முடியாது. அதை உடைக்கத்தான் 1930 மார்ச் 12-ம் தேதி காந்தி தண்டிக்கு நடக்கத் தொடங்கினார். நம்ம பக்கம் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். தண்டி யாத்திரையைப் பலர் படம் பிடித்தார்கள். அரசு சும்மா இருக்குமா? அந்தப் படங்களைத் திரையிடத் தடை போட்டது. தடையான படத்தைத் திரையில் பார்க்க முடியாது, நெகட்டிவ் எங்கே கிடக்கிறது என்றும் வெளியே தெரியாது. செட்டியார் தேடி அலைந்தது இந்த மாதிரிச் சுருள்களைத்தான்.

தனி ஆளாக எப்படிச் சமாளித்தார்?

இன்றைக்கு ஒரு ஷெங்கன் விசா இருந்தால் 29 நாடுகள் சுற்றலாம். ரூமுக்கு ஒரு ஆப், மேப்புக்கு ஒரு ஆப். அன்று பிரிட்டிஷ் இந்திய பாஸ்போர்ட்டில் எந்தெந்த நாட்டுக்குப் போகலாம் என்று தனியாக எழுதி முத்திரை வாங்க வேண்டும். ஊருக்குக் கடிதம் போட்டால் பதில் வர வாரக்கணக்கில் ஆகும். விமானம் இருந்தது, ஆனால் கட்டணம் சாமானியர் நினைத்துப் பார்க்க முடியாதது. எனவே கப்பல், ரயில்.

பணம்? படத்துக்காக சென்னையில் 'டாக்குமெண்டரி பிலிம்ஸ்' என்று ஒரு நிறுவனம் உருவானது. ஆனால் பழைய படத்தைப் பிரதி எடுக்க அடிக்கணக்கில் காசு கட்ட வேண்டும். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர் செலவு தாங்கவில்லை என்றால் ஒரு ஊரை விட்டுவிடலாம். இவருக்கு ஒரு ஊரை விட்டால் காந்தி வாழ்க்கையில் ஒரு வருஷம் விட்டுப்போகும்.

அவருக்கு உண்மையான மூலதனம் மனிதர்கள்தான். காந்தியைப் பார்த்தவர், படம் பிடித்தவர், படம் பிடித்தவரைத் தெரிந்தவர் என ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டிய வேலை அது. கிடைத்த சுருள்கள், 30 ஆண்டுக் காலத்தில் சுமார் 100 கேமராக்காரர்கள் எடுத்தவை. இவர்களில் பெரும்பாலோர் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். அத்தனை பேரையும் ஒரே படத்துக்குள் கொண்டுவந்தவர் கோட்டையூர்க்காரர்.

வழியில் பழகிய மனிதர்கள் அவர் எழுத்துக்குள்ளும் வந்தார்கள். அவருடைய பயணக் கட்டுரைகளில் கட்டடம், கோபுர உயரம் எல்லாம் குறைவு. கப்பலில் கூட வந்தவர், ரயிலில் எதிரே உட்கார்ந்தவர், விடுதியில் வேலை பார்த்தவர் என்று சாதாரண ஆட்கள்தான் அதிகம். லேசான கிண்டல் இருக்கும், அலட்டல் இருக்காது. அந்தக் கட்டுரைகளின் தொகுப்புதான் 'உலகம் சுற்றும் தமிழன்'. எம்.ஜி.ஆரின் 'உலகம் சுற்றும் வாலிபன்' வந்தது 1973-ல். அதற்கு 30 ஆண்டுகளுக்கும் முன்பே இந்தத் தலைப்பு தமிழில் வந்தாச்சு.

கடைசி நேரத்தில் முடிந்த பயணம்

மொத்தம் நான்கு கண்டங்கள், சுமார் 1 லட்சம் மைல். பூமியை நாலு தடவை சுற்றிய தூரம். கையில் சேர்ந்தது 50,000 அடி படம். பேசும்பட வேகத்தில் ஓட்டினால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும்!

இதில் நேரம்தான் முக்கியம். 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் வெடித்தது. அதன் பிறகு ஓர் இந்தியர் தனி ஆளாக ஐரோப்பிய நகரங்களில் படச்சுருள் தேடி அலைய முடியுமா? அன்றைய பிலிம் எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் வகை வேறு. யோசனை இன்னும் இரண்டு வருஷம் தள்ளி வந்திருந்தால் இந்தப் படமே இல்லை.

50,000 அடியை 12,000 அடியாகச் சுருக்கி, 1940 ஆகஸ்ட் 23-ல் படம் தமிழில் வெளியானது. பின்னர் தெலுங்கிலும் வந்தது. காங்கிரஸ் அமைச்சரவை விலகி, சென்னை மாகாணம் ஆளுநர் ஆட்சியில் இருந்த நேரம் அது. போர்க்காலக் கெடுபிடியில் காந்தி படத்தைத் தொடர்ந்து காட்ட முடியவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியில் வந்தது. ஹாலிவுட்டில் மறுபடி வெட்டி ஒட்டி, ஆங்கில வடிவம் அமெரிக்காவில் 1953-ல் வெளியானது.

பிறகு என்ன செய்தார்?

இவ்வளவு செய்தவர் அதைச் சொல்லிக்கொண்டு திரியவில்லை. 1943-ல் 'குமரி மலர்' என்ற மாத இதழைத் தொடங்கி, வாழ்நாள் கடைசி வரை நடத்தினார். பழைய பத்திரிகைகளில் புதைந்து கிடந்த கட்டுரைகளைத் தோண்டி எடுத்து அதில் மறுபடி அச்சிட்டார். தமிழ்நாட்டு ஊர்களைப் பற்றிப் பிறர் எழுதிய பயணக் கட்டுரைகளையும் தேடித் தொகுத்தார். படச்சுருள் தேடிய அதே குணம்தான், தேடுவது காகிதமாக மாறிவிட்டது. காந்தி படம் உருவான கதையைக்கூட இந்த இதழில்தான் தொடராக எழுதினார். அது பின்னர் 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்று புத்தகமானது. அதிலும் தன்னைப் பற்றி எழுதியது கொஞ்சம்தான். கேமரா படித்த மனுஷன், ஆனால் அவருடைய போட்டோ கிடைப்பதே அபூர்வம்.

1983 செப்டம்பரில் செட்டியார் காலமானார். அதற்குள் அவருடைய படமும் கண்ணில் படாமல் போயிருந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு வரலாற்று ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதியின் தேடலில், அதன் சுருக்கப்பட்ட ஆங்கில வடிவம் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருப்பது தெரியவந்தது. 1940-ல் சென்னை ரசிகர்கள் பார்த்த தமிழ்ப் படம் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.