மூன்றாவது பூச்சு

ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி வீடும் வண்டியும் கட்டி விளையாடும் வண்ண வண்ணப் பிளாஸ்டிக் கட்டைகளை நாம் எல்லாரும் பார்த்திருப்போம். அவற்றில் உலகெங்கும் பெயர் பெற்றது 'லேகோ'. அந்தத் தொழிலைத் தொடங்கியவர் ஒரு கிராமத்துத் தச்சர், தாயை இழந்த நான்கு மகன்களை வளர்த்த ஒரு தந்தை என்பது நம்மில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற அந்த மனிதரை இன்று சற்று நினைத்துப் பார்ப்போம்.

டென்மார்க் நாட்டில் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், பிள்ளைகள் நிறைந்த ஓர் ஏழைக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தன் அண்ணனிடம் தச்சுவேலை கற்றார். 1916ஆம் ஆண்டு பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஒரு தச்சுப் பட்டறையை வாங்கினார். கிறிஸ்டின் என்ற பெண்ணை மணந்து நான்கு ஆண் பிள்ளைகளுக்குத் தந்தையானார். 1924ஆம் ஆண்டு, அவருடைய சிறு பிள்ளைகள் இருவர் பட்டறையில் விளையாடியபோது மரச் சீவல்களில் தீப்பிடித்தது. பட்டறையும் வீடும் சாம்பலாயின. அவர் மனம் தளராமல் மீண்டும் கட்டினார்.

அதைவிடப் பெரிய சோதனை 1932ஆம் ஆண்டு வந்தது. உலகப் பொருளாதார மந்தத்தால் விவசாயிகள் கையில் பணமில்லை. வீடு கட்டச் சொல்வாரும் இல்லை. அதே ஆண்டில் மனைவியும் இறந்துபோனார். கடைசி மகன் அப்போது சின்னஞ்சிறுவன். வேலையில்லாத பட்டறை, தாயில்லாத பிள்ளைகள்! இந்த நிலையில்தான் அவர் மிஞ்சிய மரத்தைக் கொண்டு ஏணிகளும், துணி தேய்க்கும் பலகைகளும், அவற்றோடு குழந்தைகளுக்கான பொம்மைகளும் செய்யத் தொடங்கினார். கடனுக்குப் பிணை நின்ற உடன்பிறந்தோர், பொம்மைகளை விட்டுவிட்டு உருப்படியான வேலையைப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார்கள். அவரோ பொம்மைகளை விடவில்லை.

கைக்கு வந்ததை வீணாக்காத கற்பனை அவரிடம் இருந்தது. யோ-யோ விளையாட்டின் மோகம் திடீரென அடங்கி, செய்து வைத்த யோ-யோக்கள் விலைபோகாமல் தேங்கியபோது, அவற்றை இரண்டாகப் பிரித்துப் பொம்மை வண்டிகளுக்குச் சக்கரங்களாக்கினார். 1934ஆம் ஆண்டு, டேனிஷ் மொழியில் நன்றாக விளையாடு என்று பொருள்படும் இரு சொற்களைச் சுருக்கி, லேகோ என்று தன் தொழிலுக்குப் பெயர் வைத்தார். அதே ஆண்டு மறுமணமும் செய்துகொண்டார். பின்னர் ஒரு பெண் குழந்தையும் பிறந்தது.

மூன்றாம் மகன் கோட்ஃபிரட் சிறு வயதிலேயே பட்டறையில் தந்தைக்குத் துணையாக வேலை செய்தார். ஒருநாள் மர வாத்துப் பொம்மைகளைப் பெட்டிகளில் அடுக்கி, இரயில் நிலையத்தில் சேர்த்துவிட்டு மகிழ்ச்சியோடு வீடு திரும்பினார். வழக்கமாக மூன்று முறை பூசும் வார்னிஷை இரண்டு முறை மட்டும் பூசி, பணத்தை மிச்சப்படுத்தியதாகத் தந்தையிடம் சொன்னார். தந்தை பாராட்டவில்லை. உடனே போய்ப் பெட்டிகளைத் திரும்ப எடுத்து வரவும், மூன்றாவது பூச்சையும் பூசி மீண்டும் நிலையத்தில் சேர்க்கவும் சொன்னார். அந்த வேலை முழுவதையும் மகன் தனியாகவே செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பாடத்தை மகன் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

1942ஆம் ஆண்டு மீண்டும் தீ. தொழிற்சாலையும், பொம்மைகளின் மாதிரிகளும் அழிந்தன. தன்னை நம்பியிருந்த தொழிலாளர்களை எண்ணி, அவர் மறுபடியும் தொடங்கினார். இரண்டாம் உலகப்போருக்குப் பின், விலை மிகுந்த பிளாஸ்டிக் வார்ப்பு இயந்திரத்தைத் துணிந்து வாங்கினார். ஹிலாரி பேஜ் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்திருந்த கட்டைகளை மாதிரியாகக் கொண்டு, 1949ஆம் ஆண்டு அவருடைய நிறுவனம் பிளாஸ்டிக் கட்டைகளை வெளியிட்டது. அவை சரியாகப் பிடித்து நிற்கவில்லை. கட்டையின் உட்புறம் குழாய்களை அமைத்து அந்தக் குறையை நீக்கியவர் மகன் கோட்ஃபிரட். 1958ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஆறு வாரங்களுக்குள், மார்ச் 11ஆம் நாள், தந்தை தன் 66ஆம் வயதில் காலமானார். அந்தக் கட்டைகள் உலகெங்கும் பரவியதை அவர் பார்க்கவில்லை.

எட்டுப் புடைப்புகள் கொண்ட, ஒரே நிறமுள்ள ஆறு கட்டைகளை 91 கோடிக்கும் அதிகமான விதங்களில் பொருத்தலாம் என்பது கணக்கு. 1958ஆம் ஆண்டில் செய்த கட்டையோடு இன்றைய கட்டையும் கச்சிதமாகப் பொருந்துகிறது. இத்தனை ஆண்டுகளாக அளவில் பிசகாத அந்த நேர்த்தியில், அன்று மகன் பூச நேர்ந்த மூன்றாவது பூச்சை நாம் காண்கிறோம்.

இரண்டு பூச்சோடு அந்த வாத்துகள் போயிருந்தால், வாங்கிய எந்தக் குழந்தைக்கும் தெரிந்திருக்காது. தந்தைக்கும் மகனுக்கும் மட்டுமே தெரிந்திருக்கும். நம் வீட்டிலும் தொழிலிலும், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நாம் விட்டுவிடும் மூன்றாவது பூச்சு எது? நம் பிள்ளைகள் நம் சொற்களைவிட நம் கைகளையே அதிகம் பார்க்கிறார்கள். விட்ட அந்தப் பூச்சை இன்றே பூசத் தொடங்குவோம்.